ப்ராஜெக்ட் டீவா விளையாட ஆசையா? வாங்குவதில் இருந்து முதல் பாட்டு வரை

கணினிக் குரலில் பாடும் கற்பனைப் பாடகி ஹாட்சுனே மிக்குவின் பாட்டுக்குத் தாளம் தட்டி விளையாடும் 'ப்ராஜெக்ட் டீவா' கேமைக் கையடக்கக் கருவியில் விளையாட வேண்டும் என்று இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேம் கஷ்டமில்லை. நம் ஊரில் இருந்துகொண்டு அதைச் சரியாக வாங்குவதுதான் கஷ்டம். எந்தக் கருவி, எந்த நாட்டுப் பதிப்பு, எந்த அட்டையில் பணம் கட்டுவது என்று நான் ஒவ்வொன்றாகத் தேடி அலைந்ததில் பாதிக்கு மேல் தேவையில்லாத அலைச்சல். அது உங்களுக்கு வேண்டாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கணக்கு, கேம், பின்னால் வாங்கப்போகும் கூடுதல் பாட்டுகள் மூன்றும் ஒரே நாட்டுக்கு உரியவையாக இருக்க வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் கீழே சொல்லும் சிக்கல்களில் பெரும்பாலானவை உங்கள் பக்கமே வராது.

1. கருவியை முடிவு செய்யுங்கள்

இந்த வரிசையின் முதல் கேம் 2009 ஜூலையில் சோனியின் பிஎஸ்பி என்ற கையடக்கக் கருவிக்கு ஜப்பானில் மட்டும் வந்தது. வெளியிட்டது சேகா நிறுவனம். அப்புறம் பிஎஸ்பிக்கே இன்னும் இரண்டு, சோனியின் அடுத்த கருவியான பிஎஸ் வீட்டாவுக்குச் சில, நிண்டெண்டோ 3டிஎஸ்ஸுக்கு 'ப்ராஜெக்ட் மிராய்' என்று தனியாக ஒரு கிளை, கடைசியாக 2020இல் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கு 'மெகா மிக்ஸ்'. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஸ்விட்ச்தான். காரணம் எளிது: கேமை இன்றும் நேர்வழியில் வாங்கலாம், மெனு ஆங்கிலத்தில் கிடைக்கும், கூடுதல் பாட்டு எதுவும் வாங்காமலேயே 101 பாட்டுகள் உள்ளே இருக்கும்.

ஸ்விட்சில் எந்த மாடல் என்றால், இந்த ஒரு கேமுக்காகவே வாங்குகிறீர்கள் என்றால் ஸ்விட்ச் லைட் போதும். 2019இல் 199.99 டாலருக்கு அறிமுகமான மாடல் அது. மற்ற மாடல்களின் இடது ஜாய்கானில் (பக்கவாட்டில் மாட்டிக் கழற்றும் கன்ட்ரோலர்) நான்கு தனித்தனிப் பட்டன்கள் இருக்கும் இடத்தில் லைட்டில் ஒரே துண்டாக ஒரு பிளஸ் குறிப் பட்டன் இருக்கும். எனக்கு அதுதான் வசதி. சிலருக்குத் தனிப் பட்டன்தான் பிடிக்கும். ஆனால் ஒரு குறை தெரிந்துகொண்டு வாங்குங்கள். மெகா மிக்ஸில் ஜாய்கானைக் கழற்றி இரண்டு கையிலும் பிடித்துச் சாய்த்து விளையாடும் 'மிக்ஸ் மோட்' என்று ஒன்று உண்டு. லைட்டில் ஜாய்கான் கழறாது என்பதால் அதை அப்படியே விளையாட முடியாது. பட்டன் தட்டும் ஆர்கேட் மோடும் திரையைத் தொட்டு விளையாடும் முறையும் லைட்டில் நன்றாக ஓடும். உண்மையில் இந்தக் கேமின் உயிர் ஆர்கேட் மோடுதான்.

இடத்தையும் பாருங்கள். சாதாரண ஸ்விட்சிலும் லைட்டிலும் உள் நினைவகம் 32 ஜிபி, ஓலெட் மாடலில் 64. டிஜிட்டலாக வாங்கினால் மைக்ரோ எஸ்டி கார்டுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். ஸ்விட்ச் 2 வாங்கினால் பழைய மைக்ரோ எஸ்டி கார்டு ஆகாது, அதற்கு எக்ஸ்பிரஸ் வகை கார்டுதான் வேண்டும்.

பிஎஸ்பிதான் வேண்டும், பழைய கேம்களின் மணமே தனி என்கிறவர்களுக்கு 4ஆம் படியில் தனியாகச் சொல்கிறேன்.

இன்னொரு வழியும் உண்டு. வீட்டில் ஓரளவு நல்ல லேப்டாப்பும் ஒரு கன்ட்ரோலரும் இருந்தால், 2022 மே மாதம் ஸ்டீம் என்ற கணினிக் கேம் கடையில் வந்த 'மெகா மிக்ஸ் பிளஸ்' பதிப்பை முதலில் முயன்று பாருங்கள். வாங்கி 14 நாளுக்குள், விளையாடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். இந்த வகைக் கேம் நமக்கு ஒத்துவருமா என்று தெரியாமலேயே கருவி வாங்குவதைவிட இது நல்லது.

2. எந்த நாட்டுப் பதிப்பு?

ஸ்விட்ச் கருவிக்கு நாட்டுப் பூட்டு கிடையாது. ஜப்பானில் வாங்கிய கேம் கார்டு அமெரிக்கக் கருவியில் ஓடும். இதை மட்டும் கேட்டுவிட்டு, "அப்போ எதை வாங்கினால் என்ன" என்று இறங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கேம் ஓடும், ஆனால் கூடுதல் பாட்டுகள் சேராது. ஜப்பான் கார்டை வாங்கியவர் நிண்டெண்டோவின் ஜப்பான் இணையக் கடையான ஜப்பான் ஈஷாப்பில்தான் கூடுதல் பாட்டு வாங்க வேண்டும். அமெரிக்க ஈஷாப்பில் வாங்கினால் பணம் போகும், பட்டியலில் பாட்டு தெரியாது.

ஜப்பான் ஈஷாப்பில் வாங்கிக்கொள்ளலாமே என்றால், அங்கேயும் ஒரு தடை வந்துவிட்டது. 2025 மார்ச் 25 முதல் ஜப்பான் ஈஷாப் வெளிநாட்டுக் கிரெடிட் கார்டுகளையும் வெளிநாட்டு பேபால் கணக்குகளையும் ஏற்பதில்லை. ஜப்பான் ப்ரீபெய்ட் கார்டுதான் வழி. அதை இங்கிருந்து வாங்கும்போது இடைத்தரகர் ஒரு தொகை வைப்பார்.

ஆகவே இந்தியாவில் இருப்பவர்களுக்கு என் யோசனை: அமெரிக்கப் பதிப்பு, அமெரிக்கக் கணக்கு, டிஜிட்டல். ஆங்கில மெனு, விலை 39.99 டாலர். அவசரமில்லை என்றால் விஷ்லிஸ்டில் போட்டு வைத்துத் தள்ளுபடிக்குக் காத்திருங்கள்.

ஜப்பான் பதிப்பின் மேலட்டையில் 'மெகா39' என்று இருக்கும். வேறு கேம் என்று குழம்ப வேண்டாம், அதேதான். மெனு மட்டும் ஜப்பானிய மொழி. ஜப்பானிய எழுத்து படிக்கத் தெரிந்தவர்களும், கையில் கார்டு இருந்தால்தான் திருப்தி என்கிறவர்களும் அதை வாங்கலாம். கூடுதல் பாட்டு வாங்கும் வழி இன்னது என்று முன்பே தெரிந்துகொண்டு வாங்குங்கள், அவ்வளவுதான்.

ஸ்விட்ச் 2 பற்றி ஒரு எச்சரிக்கை. ஜப்பானில் அதற்கு இரண்டு பதிப்புகள். 2025இல் 49,980 யென் விலையில் வந்தது ஜப்பானிய மொழிக்கு மட்டுமானது. ஜப்பான் கணக்கைத் தவிர வேறு எந்த நாட்டுக் கணக்கும் அதில் சேராது. பல மொழிப் பதிப்பு அப்போது 69,980 யென். சொந்தக்காரர் யாராவது டோக்கியோவில் இருந்து வாங்கி வருகிறார் என்றால் இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே அவருக்குச் சொல்லிவிடுங்கள். விலை குறைவு என்று பாசமாக முதல் பதிப்பை வாங்கி வந்துவிடப்போகிறார்.

3. கணக்கும் பணமும்

நிண்டெண்டோ கணக்கை இணையத்தில் இலவசமாகத் தொடங்கலாம். மின்னஞ்சல் முகவரியும் பிறந்த தேதியும் போதும், ஆதார் பாஸ்போர்ட் எதுவும் கேட்க மாட்டார்கள். நாடு என்ற இடத்தில் மட்டும் நிதானமாக இருங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் நாட்டின் கடைதான் உங்களுக்குத் திறக்கும். நாட்டைப் பிறகு மாற்ற முடியும்தான், ஆனால் கணக்கில் பணம் மிச்சம் இருந்தால் அது தடையாகும். அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

பணம் கட்ட இரண்டு வழிகள்.

வங்கி அட்டை: நம் வங்கிகள் தரும் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பொதுவாக மூடியே இருக்கும். வங்கியின் செயலியில் போய் அதைத் திறந்து, ஒரு வரம்பும் வைத்து, கட்டி முடித்ததும் மறுபடி மூடிவிடுங்கள். திறந்து வைத்தாலும் இந்திய அட்டையை அமெரிக்க ஈஷாப் சில சமயம் ஏற்காது. ஒரு முறை மறுத்தால் அதையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருக்க வேண்டாம், கிஃப்ட் கார்டுக்குப் போங்கள். அட்டை வேலை செய்தால் டாலர் விலைக்கு மேல் வங்கி ஒரு மாற்றுக் கட்டணம் பிடிக்கும். பல அட்டைகளில் அது 3.5 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 39.99 டாலருக்கு இது பெரிய தொகை இல்லை, ஆனாலும் கணக்கில் வையுங்கள்.

கிஃப்ட் கார்டு: நான் பரிந்துரைப்பது இதைத்தான். அமெரிக்கக் கணக்குக்கு அமெரிக்கக் கார்டு, நாடு மாறினால் எண் செல்லாது. முன்பின் தெரியாதவரிடம் சமூக ஊடகத்தில் பேசி எண் வாங்காதீர்கள். ஏற்கெனவே பயன்படுத்திய எண்ணைக் கொடுத்துவிட்டுக் காணாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். சரியாக 40 டாலருக்கு மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். கணக்கில் நீங்கள் தரும் அமெரிக்க அஞ்சல் குறியீட்டைப் பொறுத்து விற்பனை வரி சேரலாம். சில்லறை டாலர் பற்றாமல் இன்னொரு கார்டு வாங்குவது எரிச்சலான வேலை.

நிண்டெண்டோவில் டிஜிட்டல் கேம் வாங்கியபின் பணம் திரும்பாது. ஆகவே 'வாங்கு' பட்டனுக்கு முன்னால் ஒரு நிமிடம்: கணக்கின் நாடு எது, கேமின் பெயர் சரியா, கருவியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. பழைய கருவியோ வெளிநாட்டுப் பார்சலோ என்றால்

நிண்டெண்டோ இந்தியாவில் ஸ்விட்சை நேரடியாக விற்பதில்லை. கடைகளில் இருப்பது இறக்குமதிச் சரக்கு. பில் கேளுங்கள், பில்லில் சீரியல் எண் இருக்கிறதா என்று பாருங்கள், பழுதானால் கடைக்காரர் எத்தனை நாள் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். சார்ஜரின் முதுகில் 100-240 வோல்ட் என்று அச்சாகியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

செகண்ட் ஹேண்ட் ஸ்விட்ச் என்றால் கடையிலேயே அமைப்புகளுக்குள் போய், கட்டைவிரலால் தள்ளும் குச்சிகளைச் சோதிக்கும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கை எடுத்தபின்னும் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தால் அந்தக் குச்சி போய்விட்டது. இந்தக் கேமில் 'ஸ்லைடு' குறிகளைக் குச்சியாலும் அடிப்பார்கள், அதனால் இது முக்கியம். நான்கு பட்டன்களையும் ஒவ்வொன்றாக வேகமாகத் தட்டிப் பாருங்கள். அழுத்தினால் திரும்பி வரத் தயங்கும் பட்டன் மற்றக் கேம்களுக்கு ஓடலாம், தாளக் கேமுக்கு உதவாது.

பிஎஸ்பி ஆசைக்காரர்களுக்கு:

முதல் மூன்று டீவா கேம்களும் யூஎம்டி வட்டில் வந்தவை. பிஎஸ்பி 1000, 2000, 3000 மாடல்களில் எதிலும் ஓடும், நாட்டுப் பூட்டு இல்லை. பிஎஸ்பி கோ வாங்கிவிடாதீர்கள், அதில் வட்டு போடும் இடமே கிடையாது. வீட்டாவிலும் யூஎம்டி போட முடியாது. 1000 முதல் 3000 வரையான மாடல்களில் உள் நினைவகம் இல்லை. மெமரி ஸ்டிக் ப்ரோ டுவோ தனியாக வாங்க வேண்டும், இல்லாவிட்டால் விளையாடியது சேமிப்பாகாது. பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதைப் பயன்படுத்தவே கூடாது.

ஜப்பான் கடைகளின் பட்டியலில் 'ஜங்க்' என்று போட்டிருந்தால் அது சோதிக்காத, உத்தரவாதமில்லாத, திருப்பித் தர முடியாத பொருள் என்று அர்த்தம். விலை மிகக் குறைவாகத் தெரிவது அதனால்தான்.

ஜப்பான் பிஎஸ்பியில் சரி என்பதற்கு வட்டம், வேண்டாம் என்பதற்குப் பெருக்கல் குறி. வெளிநாட்டுக் கருவிகளுக்கு நேர்மாறு. சேமிக்கும் பக்கத்தில் இது தெரியாமல் தட்டினால் சேமிப்பு நடக்காது.

3டிஎஸ்ஸில் மிராய் வேண்டும் என்றால் அங்கே நாட்டுப் பூட்டு உண்டு. ஜப்பான் கேமுக்கு ஜப்பான் கருவிதான். 3டிஎஸ் ஈஷாப்பும் 2023 மார்ச்சில் விற்பனையை நிறுத்திவிட்டது, ஆகவே கார்டு மட்டுமே வழி.

பார்சலாக வரவழைக்கிறீர்கள் என்றால் காகிதங்கள் தயாராக இருக்கட்டும். கூரியர் நிறுவனம் கேஒய்சி கேட்கும்: ஆதார், பாஸ்போர்ட் போன்ற ஓர் அடையாள அட்டை. பார்சலில் உள்ள பெயர் அந்த அட்டையில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். செல்லப் பெயரிலோ இனிஷியல் இல்லாமலோ ஆர்டர் போட்டால் சுங்கத்தில் பார்சல் படுத்துக்கொள்ளும். விற்றவரின் இன்வாய்ஸையும் நீங்கள் பணம் கட்டியதற்கான வங்கிச் சீட்டையும் பிடிஎஃப் ஆக வைத்திருங்கள். கேட்ட அன்றே அனுப்பினால் வேலை சீக்கிரம் முடியும். சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டும் இல்லை, அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்துத்தான் போடுவார்கள். ஆகவே மலிவான பழைய வட்டு ஒன்றுக்காகத் தனிப் பார்சல் கட்டுபடியாகாது. கருவியையும் வட்டுகளையும் ஒன்றாக வரவழையுங்கள். விலையைக் குறைத்து எழுதச் சொல்லி விற்பவரைக் கேட்காதீர்கள். மாட்டினால் பொறுப்பு உங்களுடையது.

5. முதல் பாட்டுக்கு முன்: சத்தமும் திரையும்

கேம் வந்தாயிற்று. உடனே பாட்டுக்குள் குதிக்காதீர்கள். தாளக் கேமில் காதுக்கும் திரைக்கும் விரலுக்கும் நடுவே சின்னத் தாமதம் இருந்தாலும் எல்லாமே தப்பாகத் தெரியும். நமக்குத் தாள அறிவே இல்லை என்று நினைத்துப் பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் ஹெட்போனுடையது.

ஸ்விட்சில் 2021 செப்டம்பரில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு ப்ளூடூத் ஹெட்போன் இணைக்கலாம். இந்தக் கேமுக்கு இணைக்காதீர்கள். சத்தம் பின்தங்கி வரும். வயர் ஹெட்போனோ கருவியின் சொந்த ஸ்பீக்கரோ போதும். டிவியில் போட்டு விளையாடினால் டிவியில் கேம் மோடை இயக்குங்கள். முடிந்தவரை கையில் வைத்தே பழகுங்கள், தாமதம் குறைவு.

கேமின் அமைப்புகளில் நேரத்தைச் சரிசெய்ய ஓர் அளவுகோல் உண்டு. ஒரு சுலபமான பாட்டை எடுத்துக் காதால் மட்டும் கேட்டுத் தட்டுங்கள். மிகச் சரியாகத் தட்டினால் திரையில் 'கூல்' என்று வரும், சற்றுத் தவறினால் 'ஃபைன்'; 'கூல்' வர வேண்டிய இடத்தில் தொடர்ந்து 'ஃபைன்' வந்துகொண்டே இருந்தால் அளவுகோலை ஒரு படி நகர்த்தி, அதே பாட்டைத் திரும்ப அடியுங்கள். மோசமானால் எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள். பாட்டை மாற்றிவிடாதீர்கள், ஒப்பிட முடியாமல் போகும். டிவிக்கும் கைக்கும் மாறும்போதெல்லாம் இதை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

6. விரல் பழகும் விதம்

திரையில் ஓரிடத்தில் வெறும் கோட்டு வடிவமாக ஒரு குறி தோன்றும். அதே வடிவம் நிறத்தோடு வெளியிலிருந்து பறந்து வந்து அதன்மேல் உட்காரும். உட்காரும் நொடியில் அந்தப் பட்டனைத் தட்ட வேண்டும். குறியின் நடுவில் கடிகார முள் மாதிரி ஒரு சின்ன முள் சுற்றுவதைக் கவனியுங்கள். அது உச்சிக்கு, 12 மணி இருக்கும் இடத்துக்கு, வரும்போதுதான் தட்ட வேண்டிய தருணம். புதியவர்களின் கண் பறந்து வரும் வடிவத்தின் பின்னாலேயே ஓடும். வேகமான பாட்டில் ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து வடிவங்கள் குறுக்கும் நெடுக்கும் பறக்கும்போது அது ஆகாது. கண்ணைக் குறிகளின் மேல் வைத்து, அவை தோன்றும் வரிசையில் நகர்த்துங்கள். பறப்பவை தாமாக ஓரக்கண்ணில் தெரியும்.

இனி முக்கியமான விஷயம். வலது கைப் பக்கம் நான்கு பட்டன்கள்: எக்ஸ், ஏ, பி, ஒய். இடது கையில் மேல், வலம், கீழ், இடம் என்று நான்கு. இவை இரண்டும் ஒன்றுக்கொன்று இணை. பி பட்டன் கேட்டால் இடது கையின் கீழ்ப் பட்டனைத் தட்டினாலும் செல்லும். ஒரே குறி வரிசையாக எட்டு முறை வந்தால் ஒரே கட்டைவிரலால் படபடவென்று அடிக்காமல் வலது, இடது, வலது, இடது என்று மாற்றி அடியுங்கள். தவில்காரரின் இரண்டு கையும் மாறி மாறி விழுகிற மாதிரிதான். முதல் வாரத்திலேயே இந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஈஸியிலும் நார்மலிலும் ஒற்றை விரல் போதும் என்று தோன்றும். ஹார்டில் அது உங்களைச் சுவரில் கொண்டுபோய் நிறுத்தும், அப்போது பழக்கத்தை மாற்றுவது இரட்டை வேலை.

படிகள் ஈஸி, நார்மல், ஹார்ட், எக்ஸ்ட்ரீம், அதற்கு மேல் சில பாட்டுகளுக்கு எக்ஸ்ட்ரா எக்ஸ்ட்ரீம். ஒவ்வொரு படிக்குள்ளும் நட்சத்திர எண் இருக்கும். ஹார்ட் என்று போட்ட இரண்டு பாட்டுகள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் இருக்கலாம் என்பதால் நட்சத்திரத்தைப் பார்த்தே தேர்ந்தெடுங்கள். மிக்குவின் பிரபலமான பாட்டு என்பதற்காக முதலிலேயே அதைத் தொடாதீர்கள். பிரபலமானவற்றில் பல, மனிதர் பாட முடியாத வேகத்தில் எழுதப்பட்டவை. கணினிக் குரல் மூச்சு வாங்காது, ஆனால் உங்கள் விரல் வாங்கும். லூக்கா, மெய்க்கோ, கைட்டோ என்ற மற்றக் கணினிக் குரல்கள் பாடும் நிதானமான பாட்டுகளில் தொடங்கலாம்.

குறிகள் பெரும்பாலும் பாடும் குரலின் அசைகளோடு போகும், நடுநடுவே மேளத்தோடோ கிட்டாரோடோ தாவும். ஆகவே விளையாடும் முன் பாட்டை இரண்டு மூன்று முறை கேட்டுவிடுங்கள். வீடியோவை மட்டும் பார்க்கும் வழியும் கேமில் இருக்கிறது. மொழி புரிய வேண்டியதில்லை, குரல் எங்கே நின்று எங்கே பாய்கிறது என்று தெரிந்தால் போதும். எனக்கு இந்தக் கேமில் மிகப் பிடித்ததே இதுதான்: தெரியாத மொழியின் பாட்டு ஒன்று அசை அசையாக விரலில் ஏறிவிடும்.

மதிப்பெண்ணில் ஒரு பொறி. 'கூல்', 'ஃபைன்' இரண்டு மட்டுமே தொடரை உடைக்காதவை. 'சேஃப்' என்று வந்தால் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், தொடர் அங்கேயே அறுந்துவிடும். பாட்டைக் கடைசிவரை ஓட்டிவிட்டாலும் திரையில் உள்ள சதவீதக் கோடு எல்லையைத் தாண்டவில்லை என்றால் தேர்ச்சி இல்லை. உயிர்ப்பட்டை நிரம்பியிருக்கிறதே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம்.

'ஹோல்டு' என்று போட்ட குறி வந்தால் பட்டனை விடாமல் பிடித்துக்கொண்டு மற்றக் குறிகளை அடுத்த கையால் அடிக்கலாம். விட்டால் தோல்வி இல்லை, கூடுதல் புள்ளி மட்டும் போகும். தொடக்கத்தில் விட்டுவிடுங்கள்.

தினமும் அரை மணி நேரம் போதும். கட்டைவிரல் அடியில் வலி வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். வலியோடு அடித்தால் கை இறுகி, மறுநாளும் அதே இறுக்கத்தோடு அடிப்பீர்கள்.

7. கூடுதல் பாட்டும் உடைகளும் எப்போது?

உடைகளுக்கு நிஜப் பணம் தேவையில்லை. பாட்டு முடிக்கும்போது சேரும் விபி புள்ளிகளைக் கொண்டே மிக்குவுக்கும் ரின், லென் போன்ற மற்றப் பாடகர்களுக்கும் உடை வாங்கலாம்.

கூடுதல் பாட்டுத் தொகுப்புகள் நிஜப் பணம். கேம் வாங்கும் அன்றே, பல தொகுப்புகளை ஒன்றாகத் தரும் சீசன் பாஸும் சேர்த்து வாங்கச் சொல்லும் பக்கம் வரும், கடந்துவிடுங்கள். 101 பாட்டையும் ஹார்டில் ஒரு சுற்று முடிக்கவே மாதக்கணக்கு ஆகும். அதற்குள் உங்களுக்கு எந்தப் பாடகர், எந்த வேகம் பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் தொகுப்புக்குள் உள்ள பாட்டுகளின் பட்டியலைத் திறந்து பார்த்து, குறைந்தது மூன்று பாட்டாவது பிடித்திருந்தால் மட்டும் வாங்குங்கள். வாங்கும்போது கேமை எந்தக் கணக்கில் வாங்கினீர்களோ அதே கணக்கில் நுழைந்திருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதிவிறக்கம் முடிந்ததும் கேமை முழுவதுமாக மூடித் திறந்தால் பட்டியலில் புதிய பாட்டுகள் வந்திருக்கும்.